பூ வேணாம்ப்பா

என் கடைக்குச் சந்தோஷமாக யாரும் வருவதில்லை. புவனகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை. வருகிறவர் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். பைக்குள் ஏதோ ஒரு காகிதம் இருக்கும். அந்தக் காகிதத்தை ஏதோ ஒரு வெப்சைட் ஏற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கும். போட்டோ பெரிது என்று ஒன்று சொல்லும், சிறிது என்று இன்னொன்று சொல்லும். லேமினேஷன் போட்ட சான்றிதழை ஸ்கேனரில் வைத்தால் நடுவில் வெளிச்சம் அடித்து, பெயர் இருக்கிற இடமே வெள்ளையாகிவிடும். இருபது வருஷமாக இதே மல்லுக்கட்டுதான். ஜான்சிக்கு வாய் நீளம் என்று என்னைப் பற்றித் தெருவில் பேச்சு உண்டு. நாளெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வாய் நீளாமல் என்ன செய்யும்.

போன ஆவணியில், ஒரு திங்கட்கிழமை பகல் மூன்று மணி வாக்கில் கொளஞ்சி மாமா வந்தார். சம்பா நாற்றங்காலுக்குச் சேறு அடிக்கிற நேரம் அது. முழங்கால் வரை காய்ந்த சேற்றோடு வந்து வாசலிலேயே நின்றார். எங்கள் தெருக் கோடியில் வீடு. முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறார். எனக்கும் அவருக்கும் உறவு எதுவும் கிடையாது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர் குலசாமிக்குக் கிடா வெட்டுகிறவர். என் அப்பா அந்தோணிசாமியும் அவரும் ஒரே டிராக்டரை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள் என்பதால் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

அவர் வீட்டில் இப்போது அவர் மட்டும்தான். அமிர்தம் அத்தை முந்தின வருஷ ஆவணியில், துணி துவைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அப்படியே போய்விட்டார். ஒரே பிள்ளை இளவரசு ஓசூரில் வண்டிச் சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை அத்தைக்கு முதல் வருஷத் தெவசம்.

"ஜான்சிம்மா, ஒரு காப்பி எடுக்கணும்" என்று போனை நீட்டினார்.

"எத எடுக்கணும் மாமா?"

"இதத்தான். அப்புடியே கவுத்து வச்சி எடு. உள்ள இருக்கறதெல்லாம் விழுந்துடுமில்ல?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். போனைக் கவிழ்த்து வைத்து ஜெராக்ஸ் எடுக்கச் சொன்ன முதல் ஆள் அவர் இல்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். சேறு ஒட்டும் என்று தயங்கினார். ஒட்டினால் கழுவிக்கொள்கிறேன், உட்காருங்கள் என்றேன்.

"எங்க மொதலாளி ஒரு கேசு தீர்ப்ப இந்த ஏஐகிட்ட குடுத்தாராம்மா. முப்பது பக்கம். ரெண்டு நிமிசத்துல படிச்சிப் பாத்து, தப்பு யாரு மேல, இவுரு என்னா பண்ணணும், எல்லாத்தையும் தமிழ்லியே சொல்லிடுச்சாம். என் போன்லயும் அத போட்டுக் குடுத்துட்டாரு. நானும் ரெண்டு நாளா ஏத்திப் பாக்கறன். சுத்திக்கிட்டே கெடக்குது. அப்பறம் செவப்பா ஒண்ணு வந்து முடியாதுங்குது."

"நீங்க என்னாத்த ஏத்துனீங்க?"

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "எனக்கும் தம்பிக்கும் வாட்ஸ்அப்ல இருக்குதுல்ல, அது. நாலு வருசத்துது. மூணு மாசமா எம்மவன் போன எடுக்கறதில்ல ஜான்சி. அடிச்சா அடிச்சிக்கிட்டே இருக்குது. நான் என்னா தப்பு பண்ணன்னே தெர்ல. ஊருல பஞ்சாயத்து வச்சா சிரிப்பாங்க. இது மனுசன் இல்ல பாரு, யாருகிட்டயும் போயி சொல்லாது. முழுசா படிச்சிட்டு தப்பு யாரு மேலன்னு சொல்லட்டும். என் மேலன்னா வெள்ளிக்கெழமக்கி முன்னாடி ஓசூரு போயி அவன் கால்ல வேணும்னாலும் விழறன். பெத்தவளுக்குத் தெவசம் வைக்க அவன் வரணும்."

பெற்ற பிள்ளையோடு இருக்கிற மனத்தாங்கலுக்கு ஒரு மெஷினிடம் தீர்ப்புக் கேட்க வந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

"நானே படிச்சிப் பாத்து சொல்லிடுவனே மாமா" என்றேன்.

"நீ படிக்கக் கூடாது." பட்டென்று சொன்னார். "அப்பன் புள்ள சமாச்சாரம். அது படிக்கட்டும். நீ ஏத்திக் குடு, போதும்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் செய்திருந்த தப்பு பார்த்ததுமே தெரிந்தது. எழுத்தை மட்டும் எடுக்காமல், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்றப் பார்த்திருக்கிறார். அந்த மூட்டையின் அளவைப் பார்த்தேன். ஒரு கல்யாண வீடியோ அளவுக்கு இருந்தது.

"படத்த விட்டுட்டு எழுத்து மட்டும் குடுப்பம் மாமா. இது ஏறாது."

"அது எப்புடி? பாதி குடுத்தா பாதித் தீர்ப்புதான வரும்? ஒண்ணு வுடாம குடு. நான் அவனுக்கு அனுப்புனது பூராவும் படம்தான். காலையில அஞ்சரைக்கு வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பூ அனுப்பிட்டுத்தான் எடுப்பன். ரோசாப்பூ, தாமரப்பூ, காலை வணக்கம்னு போட்டது. ஒரு நாள் வுட்டதில்ல. அதெல்லாம் அதுக்குத் தெரிய வாணாமா?"

நியாயம் கேட்க வந்தவர் சாட்சியை விட்டுக்கொடுப்பாரா. அவர் சொன்னபடியே மூட்டையை என் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அதில் அந்த ஏஐயைத் திறந்து ஏற்றினேன். அளவு அதிகம் என்றது. மூன்றாகப் பிரித்து ஏற்றினேன். இந்த மாதிரிக் கட்டிய கோப்பை எடுத்துக்கொள்வதில்லை என்றது. கட்டைப் பிரித்து, படங்களைக் கொத்துக் கொத்தாகக் கொடுத்தேன். இரண்டு கொத்து போனது. மூன்றாவதில், காசு கட்டாதவர்களுக்கு இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கு வாருங்கள் என்று ஒரு வரி வந்து நின்றது.

"அதுக்கும் ஆபீசு டைம் உண்டா?" என்றார் மாமா. எழுந்து போனவர், படியிறங்கித் திரும்பிப் பார்த்து, "நீ படிக்கலியே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரத்திலிருந்து என் தங்கை வந்து தூக்குவாளியில் கத்திரிக்காய் கொத்சு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு மாமா வந்தபோது நான் கொத்சுவை வைத்துக்கொண்டு நாலு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடுங்கள் என்றதும் வேண்டாம் என்றார். தட்டை வைத்ததும் ஆறு இட்லி சாப்பிட்டார்.

"ராத்திரி என்னா செஞ்சீங்க மாமா?"

"சோத்துல தண்ணி ஊத்தி வச்சிருந்தன். மொளவா கிள்ளிக்கிட்டன்." கடைசி விள்ளலைக் கொத்சுவில் புரட்டினார். "அவ கொத்சுல சுட்ட கத்திரிக்காயதான் போடுவா. வீடு பூரா கருகல் வாசன அடிக்கும். திட்டுவன். இப்ப வூட்ல எந்த வாசனையும் இல்ல."

வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் கரண்ட் போகும், அது எங்கள் ஊர் வழக்கம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இந்தத் தடவை படம் வேண்டாம் என்பதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்தேன். நாலு வருஷத்துப் பேச்சு ஒரு பாஸ்போர்ட் போட்டோவின் கனம்கூட இல்லை. ஏற்றினேன். அதற்கும் முடியாது என்றது.

"ஏன், இப்ப என்னாவாம்?"

உற்றுப் பார்த்தேன். கோப்பின் பெயரில் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் இதயப் பொம்மைகள் இருந்தன. மாமா போனில் அத்தைதான் பிள்ளையின் நம்பரை 'தம்பி' என்று போட்டு, முன்னும் பின்னும் இதயம் வைத்துச் சேமித்திருக்கிறார். சில சமயம் பெயரில் பொம்மை இருந்தால் கோப்பு ஏறாது. பொம்மைகளை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு பெயர் வைத்தேன். மறுபடி ஏற்றினேன். வட்டம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. ஏறிவிட்டது.

மாமா எழுந்து நின்றுகொண்டார், நீதிபதி வந்துவிட்ட மாதிரி.

"கேளும்மா. இதுல தப்பு யாரு மேல. அத மட்டும் கேளு."

அடித்தேன். பதில் வருவதற்குள் திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு, நான் பிரின்டரின் காகிதத் தட்டைத் துடைக்கப் போய்விட்டேன். பார்ப்பதில்லை என்றுதான் வாக்கு. ஆனால் கொளஞ்சி மாமாவுக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். தினம் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து அவர் படிக்க, அரைத் தெரு கேட்கும். அமைச்சர் பேச்சிலிருந்து மரண அறிவிப்பு வரை ஏற்ற இறக்கத்தோடு படிப்பார். அவருக்கு அதில் பெருமை உண்டு. ஐந்தாவதுதான் படித்தேன், ஆனால் எவன் என்னை மாதிரி பேப்பர் படிக்கிறான் என்று கேட்பார். அந்தக் குரலிலேயே இதையும் படித்தார்.

"'இதில் யார் மீது தவறு என்று என்னால் தீர்மானிக்க முடியாது. கோப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசி வரை தந்தை எழுத்தில் பதில் அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் பக்கத்திலிருந்து ஒரு எழுத்துகூட இல்லை. படங்கள் மட்டுமே. படங்கள் கோப்பில் இல்லாததால் அவை என்னவென்று எனக்குத் தெரியாது. அதே காலத்தில் மகன் பதினொரு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை.'"

குரல் நின்றது. வெளியே காற்று கிளம்பி எதிர்க்கடைத் தகரத்தை அடித்தது.

"பதினோரு கேள்வியா?" என்றார். "என்னாத்த கேட்டான்?"

தட்டைக் கையில் பிடித்தபடி திரும்பினேன். "என்ன மாமா, நீங்கதான படிச்சிருப்பீங்க?"

"கண்ணு கொஞ்சம் மங்கலு. சின்னச் சின்ன எழுத்தா போடறான்."

"பேப்பர் எழுத்தவிட சின்னதா?"

அவர் போனை வாங்கி, இளவரசு கடைசியாக அனுப்பியதை மட்டும் திறந்து பார்த்தேன். வாக்கை மீறியதாகவே இருக்கட்டும். நம் பிள்ளைகள் எல்லாரும் அடிக்கிற மாதிரிதான் அடித்திருந்தான். பேச்சு தமிழ், எழுத்து இங்கிலீஷ்.

"மாமா. கண்ணு மங்கலா, இல்ல இங்கிலீசு எழுத்தே தெரியாதா?"

ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஸ்கூல் பிள்ளை மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "அவதான் படிச்சிச் சொல்லுவா. பத்தாவது வரைக்கும் போனவ. 'சாப்டானாம், டூட்டிக்கிப் போறானாம், ஒடம்பப் பாத்துக்கச் சொல்றான்' அப்புடிம்பா. அவ போனப்பறமும் அதத்தான் போடறான்னு நெனச்சிக்கிட்டன். சாப்டியான்னு கேக்கறவனுக்கு என்னா பதிலு? அதான் பூவு அனுப்புனன்."

"யாருகிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாதா?"

"டீக்கடையில பேப்பர் படிக்கறவன் எவங்கிட்ட போயி கேப்பன்?"

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் திட்டினால் நான் மனுஷி இல்லை. அந்த ஏஐயிடமே, மகன் எழுதியது, அப்பா பக்கத்திலிருந்து போனது, எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் மாற்றித் தேதி வாரியாகக் கொடு என்று கேட்டேன். இதைச் சொன்னதும் செய்தது. இரண்டு நாள் முரண்டு பிடித்த மெஷினா இது என்று இருந்தது. கரண்ட் இருக்கும்போதே பிரின்ட் எடுத்தேன். பதினேழு பக்கம் வந்தது. கடைசிப் பக்கம் வெளியே வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மழை ஊற்ற ஆரம்பித்தது.

வாசல் வெளிச்சத்துக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை போன பிறகு வந்தவற்றைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தேன். விரலை வைத்து, வாய்விட்டு, மெதுவாகப் படித்தார். டீக்கடை ஏற்ற இறக்கம் இல்லை.

புரட்டாசியில் எழுதியிருந்தான். "'அப்பா, தனியா எப்படி சமைக்கிறீங்க? உங்களுக்கு சாதம் வடிக்கத் தெரியுமா?'"

ஐப்பசியில். "'தீபாவளிக்கு நான் வரட்டுமா? அம்மா இல்லாத வீட்டுக்குள்ள வர பயமா இருக்கு. நீங்க வான்னு ஒரு வார்த்த சொன்னா வந்துடுவேன்.'"

விரல் அங்கேயே நின்றது. "தீவாளிக்கு வரல பாரும்மா அவன். அன்னிக்கி பூரா வாசலப் பாத்துக்கிட்டே இருந்தன். பெத்தவ போயிட்டா அப்பன் எதுக்குன்னு நெனச்சிட்டான்னு மனசு வுட்டுப் போச்சி. போன்ல கூட சரியா பேசல நான்."

தை மாதத்துக்கு வந்தார். "'அப்பா, அம்மா இருந்தா அம்மாகிட்ட சொல்லியிருப்பேன். உங்ககிட்ட நேர்ல சொல்ல வாய் வரல. என்கூட வேல செய்யிற பிரிசில்லான்னு ஒரு பொண்ணு. கிருஷ்ணகிரி பக்கம். கிறிஸ்டியன். நல்ல பொண்ணுப்பா. உங்களுக்கு சம்மதமா?'"

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் கல்யாணப் பேச்சை அப்பா முகத்துக்கு நேரே எடுப்பதில்லை. அடுப்படியில் அம்மாவிடம் சொல்வார்கள். அம்மா சோறு போடும்போது அப்பா காதில் போடுவாள். அவர் ரெண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வருவார். அடுப்படியில் ஆள் இல்லாமல் போனதால் அவன் எழுதியிருக்கிறான். அதற்கு மறுநாள் காலை ஐந்தரைக்கு ஒரு படம் போயிருந்தது. அதற்கு மறுநாளும் போயிருந்தது.

"'கோவமாப்பா?'" என்று படித்தார். "'திட்டறதா இருந்தா திட்டிடுங்க.'" ஒரு பக்கம் தள்ளினார். "'அவுங்க வீட்ல உங்கள வந்து பாக்கணும்ங்கறாங்க. என்ன சொல்லட்டும்?'" இன்னும் தள்ளினார். பங்குனி. "'பூ வேணாம்ப்பா. பதில் சொல்லுங்க.'"

மழைச் சாரல் அவர் முதுகில் அடித்தது. அவருக்கு அது தெரியவில்லை.

கடைசியாக இருந்தது வைகாசியில் எழுதியது. "'நீங்க பதில் சொல்லாததையே பதிலா எடுத்துக்கறேன். எட்டாம் தேதி காலைல பத்து மணிக்கு சர்ச்ல கல்யாணம். மொத வரிசைல உங்களுக்கு ஒரு எடம் வச்சிருப்போம். வந்தா வாங்க.'" அவன் எழுதியது அதோடு சரி. எட்டாம் தேதி காலை ஐந்தரைக்கும் இவர் பக்கத்திலிருந்து ஒரு படம் போயிருந்தது.

"கண்ணாலம் ஆயிடுச்சாம்மா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கும் என்பது மாதிரி. "எனக்கு மருமவ வந்து மூணு மாசம் ஆவுதா?"

ஆமாம் மாமா என்றேன்.

மழை கொஞ்சம் விட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதும்மா" என்றார். "தெரியாம நடந்து போச்சி, மனசுல வச்சிக்காதன்னு அவனுக்குப் போடு."

"ஒரு வருசமா ஏன் பதில் சொல்லலன்னு கேப்பான். என்னா சொல்றது?"

"கண்ணு தெரியலன்னு போடு."

"போட மாட்டன்." என் நீள வாய் அப்போதுதான் உதவிக்கு வந்தது. "ஒரு பொய்யில புள்ளைய வுட்டீங்க. இன்னொரு பொய்ய சொல்லிப் புடிக்கப் போறீங்களா? எழுத்து தெரியாதுன்னு சொன்னா என்னா மாமா கொறைஞ்சி போயிடும்? எனக்குக்கூடத்தான் டிராக்டர் ஓட்டத் தெரியாது."

ஒரு ஆள் ஆதார் நகல் எடுக்க வந்து, கரண்ட் இல்லை என்றதும் திரும்பிப் போனார். அப்புறம் மாமா போனை வாங்கி, மைக் பொம்மையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி. நாந்தாண்டா. எனக்கு இந்த இங்கிலீசு எழுத்து படிக்கத் தெரியாதுடா. அம்மாதான் எல்லாத்தையும் படிச்சிச் சொல்லும். அது போனப்பறம் நீ போட்டது ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. இன்னிக்கித்தான் தமிழ்ல மாத்திக் குடுத்தாங்க. கண்ணாலம் ஆனதே இப்பதாண்டா தெரியும் எனக்கு."

விரலை எடுத்தார். போய்ச் சேர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் அவன் கேட்டுவிட்டான் என்பதற்கு அடையாளமாக மைக் நீலமாக மாறியது. எழுதிக்கொண்டிருக்கிறான் என்று மேலே வந்தது. நின்றது. மறுபடி வந்தது, நின்றது. கால் மணி நேரம் அப்படியே போனது. சேத்தியாத்தோப்பு பஸ் ஒன்று சந்துமுனையில் ஆரன் அடித்துவிட்டுப் போயிற்று. கடைசியில் ஒரு வரி வந்தது. மாமா போனை என்னிடம் நீட்டினார். முதல் தடவையாக, "படிம்மா" என்றார்.

"'அப்போ இவ்வளவு வருஷமா எனக்கு பதில் எழுதுனது எல்லாம் அம்மாவா?'"

அவன் கேட்டதன் ஆழம் எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. அப்பாவோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, எழுத்தில் மட்டும் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்திருக்கிறான்.

"எல்லாம் இல்ல. நான் சொல்லச் சொல்லத்தான் போடுவா" என்றார் மாமா வேகமாக. "நான் சொன்னதுதான் பாதிக்கு மேல. அந்தப் பழைய பக்கத்தக் குடு. பென்சிலு இருக்கா?"

கொடுத்தேன். அத்தை இருந்த காலத்துப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா எழுதியதாக இருந்த வரிகளைப் படிப்பார், யோசிப்பார், தான் சொன்னது என்றால் ஓரத்தில் ஒரு கோடு போடுவார். 'வண்டிய மெதுவா ஓட்டு' என்பதற்குக் கோடு போட்டார். 'குலசாமிக்குப் படையல், லீவு கேளு' என்பதற்குப் போட்டார். 'உன் போட்டோவ பாத்தேன், எளச்சிட்ட' என்பதற்கு யோசித்துவிட்டுப் போடாமல் போனார். 'நீ அனுப்புன சட்ட அளவா இருக்கு, எல்லார்கிட்டயும் காட்டினேன்' என்பதைப் படித்துவிட்டு, "நான் எங்க காட்டுனன்" என்றார். பக்கங்கள் நகர்ந்தன. கோடுகள் குறைந்துகொண்டே போயின.

ஓர் இடத்தில் வந்து அசையாமல் நின்றுவிட்டார். மூன்று வருஷத்துக்கு முந்தியது. இளவரசுவின் இரண்டு விரல் மெஷினில் நசுங்கி, கம்பெனியில் வேண்டாம் என்று சொல்லிவிட்ட சமயம். 'ஊருக்கு வந்துடட்டுமாப்பா? தோத்துப்போன மாதிரி இருக்கு' என்று கேட்டிருந்தான். கீழே அப்பாவின் பதில் இருந்தது. 'வந்துடு. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் தோத்துப் போகல. வீடு உன் வீடு.' அதற்கு அவன் எழுதியிருந்தான்: 'இது போதும்ப்பா. நீங்களே இப்படி சொன்னப்பறம் எனக்கு பயமில்ல. இங்கயே வேற வேல பாத்துக்கறேன்.'

"இது நான் சொல்லல" என்றார் மாமா.

"வுடுங்க மாமா."

"இது நான் சொல்லலம்மா. நான் என்னா சொன்னன் தெரியுமா? வேலய வுட்டுட்டு வந்தா ஊருல என்னா பேசுவான், அங்கியே கெடந்து பாக்கச் சொல்லுன்னன். அவ சரின்னுட்டு என்னமோ தட்டிக்கிட்டிருந்தா. நான் சொன்னதப் போடறான்னு நெனச்சி நான் படுத்துட்டன்."

எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. "மாமா, இதச் சொல்லாதீங்க அவங்கிட்ட. இது உங்க வார்த்தையாவே இருந்துட்டுப் போவட்டும். அத்தைகூட அப்புடித்தான் நெனச்சிருப்பாங்க. கோடு போட்டுடுங்க."

பென்சிலை அந்த வரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார்.

"தம்பி. பாதி நான் சொன்னது, பாதி அம்மாவா போட்டது. பாத்தா பாதிக்கும் மேல அதுதான். வெரல் நசுங்குனப்ப வந்துடுன்னு போட்டிருந்துச்சே, அது நான் சொல்லலடா. நான் அங்கியே கெடன்னுதான் சொன்னன். அதுதான் மாத்திப் போட்டிருக்குது." கொஞ்சம் நிறுத்தினார். விரல் மட்டும் மைக்கை விட்டு எடுபடவில்லை. "இப்ப சொல்றண்டா. நானே சொல்றன். வந்துடு. அந்தப் பொண்ணயும் கூட்டிக்கிட்டு வந்துடு. வெள்ளிக்கெழம அம்மாவுக்குத் தெவசம்."

விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சி மாமா" என்றேன்.